காரைத் திருப்பும்போது கீச்சுச் சத்தமா? வன்னி வீதிகளில் ஓடும் கார்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வவுனியாவிலிருந்து ஏ9 வீதியில் வடக்கே ஓடும் காரில் இந்தச் சத்தம் அவ்வளவாகக் கேட்காது. ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம் என்று வீதி நீளத்துக்கு நேராகக் கிடக்கிறது. ஸ்ரியரிங்குக்குப் பெரிய வேலை இல்லை. மாங்குளம் சந்தியில் முல்லைத்தீவுப் பக்கம் வளைக்கும்போதுதான் முன்பக்கத்தில் எங்கேயோ ‘கிறீச்’ என்கிறது. வீட்டு ஒழுங்கைக்குள் திருப்பும்போது இன்னொரு தரம். படலைக்குள் ஏற்றி, ஸ்ரியரிங்கை முழுக்க ஒடித்து நிறுத்தும்போது வீட்டில் இருப்பவர்களுக்கும் கேட்கும்.

அடுத்த நாள் நாலு பேரிடம் கேட்டால் நாலு பதில் கிடைக்கும். ஷொக் போய்விட்டது என்பார் ஒருவர், ஸ்ரியரிங்கோடு சேர்ந்து சில்லுகளைத் திருப்பும் ராக்கை மாற்ற வேண்டும் என்பார் இன்னொருவர், போல் ஜொயின்ற்றுக்குக் கொஞ்சம் கிறீஸ் அடித்தால் சரி என்பார் மூன்றாமவர். ஒருவரும் காருக்குக் கீழே தலையை விட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள். திருப்பும்போது வரும் சத்தத்துக்குப் பத்துக்கும் மேற்பட்ட காரணங்கள் உண்டு. சில, ஒரு சின்னக் கல்லை எடுத்தாலே தீர்ந்துவிடும். சில, கவனிக்காமல் விட்டால் ஓடும்போதே முன்சில்லு மடிந்துபோகும் அளவுக்கு ஆபத்தானவை. இரண்டும் காதுக்குக் கிட்டத்தட்ட ஒரே மாதிரிக் கேட்கும், அதுதான் சிக்கல். அதனால் எந்தப் பாகத்தையும் வாங்குவதற்கு முன் சத்தம் எந்த இடத்தில் பிறக்கிறது என்று பிடிக்க வேண்டும். இந்த வழிகாட்டியில் பாதி அதற்குத்தான்.

வன்னியில் கார் வைத்திருப்பவர் இன்னொன்றையும் மனதில் வைத்திருக்க வேண்டும். தார் வீதியை விட்டு இறங்கினால் கிரவல்தான். நெடுங்கேணி, துணுக்காய், மல்லாவிப் பக்கத்து உள்வீதிகளில் கோடை முழுக்கச் செம்புழுதி. ஐப்பசியில் மழை தொடங்கினால் அதே புழுதி சேறாகிவிடும். முல்லைத்தீவு, பூநகரிக் கரையோரம் என்றால் உப்புக்காற்றும் சேரும். இப்படியான இடத்தில் காரின் அடியில் முதலில் பழுதாவது இரும்பு இல்லை, இரும்பை மூடியிருக்கும் றப்பர். றப்பர் உறையில் ஒரு சின்ன வெடிப்பு வந்தால் போதும்: கிறீஸ் வெளியே வரும், மண் உள்ளே போகும், பிறகு இரும்பு மண்ணோடு சேர்ந்து அரைபடும். சத்தம் தேடிப் போகும்போது உங்கள் கண் முதலில் தேட வேண்டியது வெடித்த றப்பரைத்தான்.

முதலில் சத்தத்தைப் பிரித்துக் கேளுங்கள்

கீச்சுச் சத்தம் என்று பொதுவாகச் சொன்னாலும் உண்மையில் அது பல வகை. பன்றி கத்துவதுபோல நீளமாக, எஞ்சின் ஓடும்போது மட்டும் வந்தால் பெல்ற் பக்கம் சந்தேகம் போக வேண்டும். ஸ்ரியரிங்கை ஒடிக்கும்போது ‘ம்ம்ம்’ என்று முனகினால் பவர் ஸ்ரியரிங் பம்ப். பழைய கதவு திறப்பதுபோல ‘கிறீ...ச்’ என்று மெதுவாக இழுத்தால் போல் ஜொயின்ற், புஷ் (இரும்பு மூட்டுக்குள் இருக்கும் றப்பர்) அல்லது ஸ்ரட்டின் (ஸ்பிரிங்கும் ஷொக்கும் சேர்ந்த தூண்) மேல் மவுன்ற். ‘டக் டக் டக்’ என்று சில்லுச் சுற்றுக்கு ஏற்ப அடித்தால் சீவி ஜொயின்ற் (கியர்பொக்ஸிலிருந்து முன்சில்லுக்கு வரும் தண்டின் மூட்டு). தகரம் உரசுவதுபோல ‘ஷ்ரீ... ஷ்ரீ...’ என்று வந்துபோனால் பிறேக் தட்டுப் பக்கம். ‘ஊ...’ என்று வேகத்தோடு கூடி, ஒரு பக்கம் வளைக்கும்போது மாத்திரம் பெருத்தால் சில்லு பெயாரிங்.

காது தனியே நம்பத் தகுந்தது அல்ல. இரும்புச் சட்டத்தின் வழியே சத்தம் ஓடி வேறொரு இடத்தில் கேட்கும்; இடப்பக்கத்துப் பழுது வலப்பக்கத்தில் கேட்பது சாதாரணம். ஆகவே சத்தத்தோடு சேர்த்து நிலைமையையும் கவனியுங்கள். நிற்கும்போதா, ஓடும்போதா? காலையில் குளிராக எடுக்கும்போது மட்டுமா, சூடேறிய பிறகுமா? மழை பெய்த மறுநாளா? இடம் திருப்பினாலா, வலம் திருப்பினாலா, இரண்டுக்குமா? பிறேக்கில் காலை வைத்தால் நிற்கிறதா? பள்ளத்தில் இறங்கும்போது திருப்பாமலே கேட்கிறதா? ஒரு துண்டில் எழுதி வைத்தால், கராஜுக்குப் போக நேர்ந்தாலும் அந்தத் துண்டு உதவும்.

ஒன்றை முதலிலேயே தள்ளிவிடலாம். எண்ணெய் நிலையத்திலோ கடை வாசலிலோ மினுக்கிய சீமெந்து நிலத்தில் திருப்பும்போது மட்டும் ரயர் கீச்சிடுகிறது என்றால் அது பழுது இல்லை. ரயரில் காற்று குறைந்திருந்தால் தார் வீதியிலும் அப்படிக் கத்தும். சாரதிக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவுக்குக் காற்றை நிரப்பிவிட்டு மீண்டும் கேட்டுப் பாருங்கள்.

நின்ற இடத்தில் செய்யும் பரிசோதனை

காரைச் சமநிலத்தில் நிறுத்தி, கைபிறேக்கை இழுத்து, பின்சில்லுக்குக் கல் வையுங்கள். எஞ்சினை நிறுத்தி, ஸ்ரியரிங் பூட்டு விடும் அளவுக்கு மட்டும் திறப்பைத் திருப்புங்கள். இன்னொருவரை உள்ளே இருத்தி ஸ்ரியரிங்கை மெதுவாக இரண்டு பக்கமும் திருப்பச் சொல்லுங்கள். எஞ்சின் ஓடாததால் கனமாகத்தான் இருக்கும். கால் சுற்று திரும்பினால் போதும்.

இந்த நிலையிலும் சத்தம் வந்தால் பெல்ற்றும் பம்பும் தப்பிவிட்டன. சத்தம் ஸ்ரியரிங் தண்டிலோ, போல் ஜொயின்ற்றிலோ, ஸ்ரட்டிலோ, புஷ்ஷிலோதான். நீங்கள் முன்சில்லுக்குப் பின்னால் குந்திக்கொண்டு, நீளமான ஸ்குரூ டிரைவரின் நுனியை ஒவ்வொரு மூட்டிலும் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக் கேளுங்கள். சரியான மூட்டைத் தொட்டதும் சத்தம் காதுக்குள்ளேயே கத்தும். ஸ்குரூ டிரைவர் இல்லாவிட்டால் விரல் நுனியை மூட்டின் மேல் மெல்ல வைத்தாலும் போதும். வறண்ட மூட்டு திரும்பும்போது சொரசொரவென்று துடிப்பது கையில் தெரியும். எஞ்சினை நிறுத்தாமல் இந்த வேலையைச் செய்யக் கூடாது.

சத்தம் வரவில்லையா? எஞ்சினை இயக்கி அதையே செய்யுங்கள். இப்போது வந்தால் பொனற்றுக்குக் கீழே பார்க்க வேண்டும். ஸ்ரியரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்து, அப்படியே ஐந்து வினாடிக்கு மேல் பிடித்து வைத்திருக்க வேண்டாம். பம்ப் முழு அழுத்தத்தில் நின்று சூடாகிவிடும்.

அடுத்து, பொனற்றின் ஒரு மூலையை இரண்டு கையாலும் அழுத்தி விடுங்கள். திருப்பாமலே கிறீச்சிட்டால் புஷ் அல்லது ஸ்ரட். மற்ற மூலையிலும் செய்து, எந்தப் பக்கம் என்று பாருங்கள்.

ஓட்டிப் பார்ப்பது

ஆட்கள் இல்லாத விளையாட்டு மைதானமோ, அறுவடை முடிந்த கட்டாந்தரையோ நல்லது. கண்ணாடிகளை இறக்கி, ஏசி, ரேடியோ இரண்டையும் நிறுத்தி, ஸ்ரியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக வட்டம் போடுங்கள். முதலில் இடம், பிறகு வலம். வட்டத்துக்குள் ஒருமுறை அக்சிலரேற்றரைக் கொஞ்சம் அழுத்துங்கள். ‘டக் டக்’ கூடினால் சீவி ஜொயின்ற். பிறகு பிறேக்கை மெல்லத் தொடுங்கள். உரசல் நின்றுவிட்டால் பிறேக் பாட்.

வலம் திருப்பும்போது காரின் பாரம் இடப்பக்கச் சில்லுக்குப் போகிறது. ஆகவே வலம் திருப்பும்போது கூடும் சத்தத்துக்கு இடப்பக்கத்தை முதலில் பாருங்கள். பெயாரிங்குக்கும் சீவி ஜொயின்ற்றுக்கும் இந்தக் கணக்கு பெரும்பாலும் சரிவரும்.

எஞ்சின் ஓடும்போது மட்டும் என்றால்: பெல்ற்றும் பவர் ஸ்ரியரிங்கும்

முதலில் உங்கள் காரில் என்ன வகை ஸ்ரியரிங் என்று தெரிந்துகொள்ளுங்கள். அக்குவா, பிரியஸ், வாகன் ஆர் போன்றவற்றில் மின்சார பவர் ஸ்ரியரிங். அதற்கு ஒயிலும் இல்லை, பம்பும் இல்லை. இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். பழைய மாருதி 800 பலவற்றில் பவர் ஸ்ரியரிங்கே கிடையாது. பழைய கொரோலாக்கள், ஹையேஸ் வான்கள் போன்றவற்றில்தான் பெல்ற்றால் சுற்றும் பம்பும் ஒயில் போத்தலும் இருக்கும்.

எஞ்சினை நிறுத்திப் பெல்ற்றைப் பாருங்கள். உட்பக்கம் கண்ணாடி மாதிரி மினுங்கினாலோ, குறுக்கே வெடித்திருந்தாலோ, ஓரம் நார் நாராகப் பிரிந்திருந்தாலோ மாற்றிவிடுங்கள். பழைய வகை பெல்ற் என்றால் இரண்டு புலிகளுக்கு (பெல்ற் ஓடும் சில்லுகள்) நடுவே பெருவிரலால் அழுத்திப் பாருங்கள். சுமார் 10 மில்லிமீற்றர் இறங்கலாம். அதைவிடத் தொய்வாக இருந்தால் இறுக்க வேண்டும். அளவுக்கு மிஞ்சி இறுக்கினால் பம்பின் பெயாரிங்கும் அல்ரனேற்றர் பெயாரிங்கும் சீக்கிரம் போய்விடும். தானே இறுக்கிக்கொள்ளும் ரென்ஷனர் உள்ள காரில் பெல்ற் தொய்ந்திருந்தால் ரென்ஷனரையே பார்க்க வேண்டும்.

தண்ணீரால் செய்யும் ஒரு சோதனை உண்டு. எஞ்சின் ஓடும்போது, ஸ்பிரே போத்தலால் பெல்ற்றின் வரியுள்ள பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். சத்தம் சற்று நேரம் நின்று திரும்ப வந்தால் புலிகள் ஒரே நேர்கோட்டில் இல்லை. தெளித்ததும் சத்தம் கூடினால் பெல்ற் தொய்ந்து வழுக்குகிறது. சாரத்தோடும் தொங்கும் சட்டைக் கையோடும் ஓடும் எஞ்சினுக்கு மேல் குனிய வேண்டாம். பெல்ற்றுக்கு அடிக்கவென்று கடையில் விற்கும் ஸ்பிரே இரண்டொரு நாளைக்குச் சத்தத்தை அடக்கும். பிறகு அதன் பசையில் புழுதி ஒட்டிக்கொள்ளும். நம் ஊருக்கு அது உதவாது.

முனகல் சத்தம் என்றால் ஒயிலைப் பாருங்கள். போத்தலில் குளிருக்கு ஒரு கோடு, சூட்டுக்கு ஒரு கோடு இருக்கும். ஒயில் குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. ராக்கின் இரண்டு முனையிலும் இருக்கும் மடிப்பு றப்பரைப் பிடித்து அமத்துங்கள். உள்ளே ஒயில் தளும்பினால் ராக்கின் சீல் போய்விட்டது. ஒயிலில் நுரை நின்றால் காற்றுப் புகுந்திருக்கிறது. கறுத்து எரிந்த மணம் வந்தால் மாற்றும் காலம். பல ரொயோட்டாக்களுக்கு ஓட்டோ கியர்பொக்ஸுக்கு விடும் ஏரிஎஃப் ஒயிலே போதும், ஆனால் ஹொண்டாவுக்கு அதன் சொந்த ஒயில்தான் விட வேண்டும். மூடியில் எழுதியிருப்பதை வாசிக்காமல் ஒன்றையும் ஊற்றாதீர்கள்.

காற்றை எடுப்பது சுலபம். முன்பக்கத்தை உயர்த்தி ஸ்ராண்டில் வைத்து, எஞ்சினை இயக்காமல் ஸ்ரியரிங்கை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு மெதுவாகத் திருப்பிக்கொண்டே இருங்கள். குமிழி மேலே வரும், ஒயில் இறங்கும். இறங்க இறங்க நிரப்புங்கள். குமிழி நின்ற பிறகு எஞ்சினை இயக்கி இன்னும் சில தரம் திருப்புங்கள். அதற்கும் முனகல் போகாவிட்டால் பம்ப் தேய்ந்திருக்கிறது.

காரை உயர்த்துவதற்கு முன்

இதற்குப் பிறகு சொல்லும் வேலைகளுக்குச் சில்லைக் கழற்ற வேண்டும். நம் பக்கத்து நிலத்தில் ஜக் புதைவது சாதாரணம்; வயல் மண்ணிலும் மணலிலும் ஜக்கை நேரே வைத்தால் கார் ஏறாது, ஜக்தான் இறங்கும். தடித்த பாலைப் பலகையோ முதிரைப் பலகையோ கீழே வைத்து அதன் மேல் ஜக்கை நிறுத்துங்கள். கார் எழும்பியதும் ஜக் ஸ்ராண்டை உரிய இடத்தில் வைத்து, பாரம் அதில் இறங்கிய பிறகே வேலை தொடங்கலாம். ஜக்கை மட்டும் நம்பிக் கீழே போகக் கூடாது. சீமெந்துக் கல்லும் ஸ்ராண்ட் ஆகாது. அது சொல்லாமல் நொறுங்கும். சில்லு நட்டுகளைச் சில்லு நிலத்தில் இருக்கும்போதே அரைச் சுற்று இளக்கிவிட்டுப் பிறகு உயர்த்துங்கள்.

போல் ஜொயின்ற்றும் ரை ரொட் எண்டும்

மெதுவாக இழுக்கும் கிறீச்சுக்கு நான் முதலில் சந்தேகிப்பது கீழ் போல் ஜொயின்ற்றை. சில்லைக் கீழ்க் கையோடு (சில்லைக் காரின் சட்டத்தோடு இணைக்கும் இரும்புக் கை) பிடித்துக்கொண்டே, அது திரும்புவதற்கு இடம் கொடுக்கும் மூட்டு அது. ஒரு கிண்ணத்துக்குள் ஒரு குண்டு, சுற்றிலும் கிறீஸ், அதை மூடி ஒரு றப்பர்த் தொப்பி. தொப்பி வெடித்தால் மாரித் தண்ணீர் உள்ளே போய் கிறீஸைக் கழுவிவிடும். வெள்ளம் ஏறிய மதகுகளைக் கடந்து ஓடிய கார் என்றால் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். துரு பிடித்த குண்டு, திரும்பும் ஒவ்வொரு தரமும் கத்தும்.

சில்லு தொங்கும்போது கடிகாரத்தில் 12 மணிக்கும் 6 மணிக்கும் உரிய இடங்களில் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் போல் ஜொயின்ற் அல்லது பெயாரிங். ஒருவர் பிறேக்கை மிதித்திருக்கும்போது ஆட்டம் நின்றுவிட்டால் பெயாரிங், நிற்காவிட்டால் ஜொயின்ற். 9 மணிக்கும் 3 மணிக்கும் உரிய இடங்களில் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் தெரிந்தால் ரை ரொட் எண்ட், அதாவது ராக்கிலிருந்து சில்லுக்கு வரும் கம்பியின் முனை மூட்டு. பிறகு ரயருக்குக் கீழே அலவாங்கை விட்டு மெல்ல மேலே நெம்புங்கள். போல் ஜொயின்ற்றில் ‘டிக்’ என்று ஓர் இடைவெளி தெரிந்தால் அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை. அந்தக் கார் மாற்றும் வரை ஓடக் கூடாது. குண்டு கிண்ணத்தை விட்டுக் கழன்றால் சில்லு மட்கார்ட்டுக்குள் மடங்கும், ஸ்ரியரிங்கால் செய்வதற்கு ஒன்றும் இருக்காது. இங்கே ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு தூரம் என்று எல்லோருக்கும் தெரியும்.

ஆட்டம் இல்லை, சத்தம் மட்டும்தான் என்றால்? பழைய ஜீப், பழைய வான் சிலவற்றில் கிறீஸ் அடிக்கும் நிப்பிள் இருக்கும். அவற்றுக்குக் கிறீஸ் துவக்கால் அடித்து, பழைய கிறீஸ் வெளியே தள்ளப்படும் வரை விடுங்கள், வேலை முடிந்தது. இப்போதைய கார்களில் மூட்டு சீல் பண்ணி வரும், நிப்பிள் இல்லை. ஊசியால் தொப்பியைக் குத்திக் கிறீஸ் ஏற்றுவதைச் சிலர் செய்கிறார்கள். சத்தம் நிற்கும். ஆனால் குத்திய துளை வழியே அடுத்த மாரி உள்ளே போகும். தேய்ந்த குண்டும் தேய்ந்தபடியே இருக்கும். சத்தம் இந்த மூட்டில்தான் என்று உறுதிப்படுத்த அது ஒரு வழி, திருத்தம் அல்ல.

மாற்றுவது பெரிய வித்தை இல்லை. பல ரொயோட்டாக்களில் போல் ஜொயின்ற்றைத் தனியாகக் கழற்றிப் பூட்டலாம். சில சின்னக் கார்களில் அது கீழ்க் கையோடு சேர்ந்தே வருகிறது. நட்டைக் கழற்றிய பிறகு மூட்டைப் பிரிக்கப் புல்லர் பயன்படுத்துங்கள். சுத்தியலால் மரை முனையில் அடித்தால் மரை சிதையும். நட்டு கழலாமல் பிடிக்கும் கொட்டர் பின்னைப் புதிதாகப் போடுங்கள், பழையதை நிமிர்த்திப் போட வேண்டாம். ரை ரொட் எண்டைக் கழற்றுவதற்கு முன் மரை எத்தனை வெளியே தெரிகிறது என்று எண்ணி, பெயின்றால் ஒரு கோடும் போட்டுவிடுங்கள். புதியதை அதே இடத்துக்கு ஏற்றினால் அலைன்மென்ற் செய்யப் போகும் வரை கார் ஓரளவு நேராக ஓடும்.

ஸ்ரட்டின் மேல் மவுன்ற்

திருப்பும்போது ஸ்பிரிங்கும் ஷொக்கும் சில்லோடு சேர்ந்து திரும்புகின்றன. மேலே பொனற்றுக்குள் தெரியும் மூன்று நட்டுக்குக் கீழே ஒரு பெயாரிங் இருப்பதால்தான் அது முடிகிறது. புழுதி புகுந்து அது இறுகிவிட்டால் ஸ்பிரிங் திரும்ப முடியாமல் முறுக்கிக்கொண்டு, பிறகு திடீரென்று விடும். அப்போது ‘டொங்’ என்று ஒரு சத்தம். சில கார்களில் அதற்கு முன் நீளமான கிறீச்.

கண்டுபிடிக்கக் கைதான் நல்ல கருவி. கார் நிலத்தில் நிற்க, ஒருவர் ஸ்ரியரிங்கைத் திருப்ப, நீங்கள் உள்ளங்கையை ஸ்பிரிங்கின் வெளிப்பக்கத்தில் தட்டையாக வையுங்கள். சுருளுக்கு இடையில் விரலை விடாதீர்கள். நல்ல ஸ்ரட் ஒரே சீராகத் திரும்பும். பழுதான ஸ்ரட் நின்று நின்று துள்ளுவது கையில் தெரியும். பொனற்றைத் திறந்து மேல் நட்டின் மேலும் கையை வைத்துப் பாருங்கள். அங்கேயும் அந்தத் துள்ளல் இருக்கும்.

இதை மட்டும் வீட்டில் செய்ய வேண்டாம் என்று சொல்வேன். மவுன்ற்றை மாற்ற ஸ்பிரிங்கை அமத்த வேண்டும். அமத்திய ஸ்பிரிங் கழன்றால் ஆளைக் கொல்லும். சரியான கொம்பிரசர் வைத்திருக்கும் கராஜில் கொடுங்கள். கயிறும் கம்பியும் கட்டி அமத்தும் இடத்தில் கொடுக்காதீர்கள். இரண்டு பக்கத்தையும் ஒன்றாகவே மாற்றுவது நல்லது.

புஷ்கள்

கீழ்க் கையின் புஷ்ஷும் வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் ஸ்ரெபிலைசர் பாரைப் பிடித்திருக்கும் புஷ்ஷும் காய்ந்தால் திருப்பும்போதும் பள்ளத்திலும் கிறீச்சிடும். சவர்க்காரத் தண்ணீரை ஒவ்வொரு புஷ்ஷாக விட்டு, ஒவ்வொரு தடவையும் காரை அழுத்திப் பாருங்கள். எதில் விட்டதும் சத்தம் நிற்கிறதோ அதுதான்.

வெடிப்பு இல்லாமல் காய்ந்து மட்டும் இருந்தால் சிலிக்கன் கிறீஸ் பூசலாம். டீசல், கழிவு ஒயில் எதையும் றப்பரில் விட வேண்டாம். காரின் அடியில் கழிவு ஒயில் அடிக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. துருவுக்கு நல்லது என்று நினைக்கிறார்கள். றப்பர் ஊதி மென்மையாகி, ஒட்டிய புழுதியோடு சேர்ந்து அரைபட்டுப் போகிறது.

புதிய புஷ் போட்ட பிறகு ஒரு முக்கியமான நுணுக்கம். கீழ்க் கையின் போல்ற்றைச் சில்லு தொங்கும்போது கடைசியாக இறுக்காதீர்கள். கார் தன் பாரத்தில் நிலத்தில் நிற்கும்போதுதான் முழுக்க இறுக்க வேண்டும். தொங்கும்போது இறுக்கினால் காரை இறக்கியதும் றப்பர் முறுகிய நிலையிலேயே நின்று, சீக்கிரமே கிழிந்துவிடும். புதிய புஷ் போட்டும் சத்தம் திரும்ப வந்தது என்று வருபவர்கள் பலருக்குக் காரணம் இதுதான்.

சீவி ஜொயின்ற்

முன்சில்லு இழுக்கும் கார்களுக்குத்தான் இது. பின்சில்லு இழுக்கும் ஹையேஸ் போன்றவற்றில் முன்பக்கம் சீவி ஜொயின்ற் இல்லை.

ஸ்ரியரிங்கை முழுக்க ஒடித்துவிட்டு, சில்லுக்குப் பின்னால் ரோச் அடித்துப் பாருங்கள். மடிப்பு மடிப்பாக ஒரு றப்பர் பூட் தெரியும். மடிப்புகளை விரலால் விரித்துப் பாருங்கள். வெடிப்பு மேட்டில் இருக்காது, பள்ளத்தில் இருக்கும். நேராக நிற்கும்போது மூடிக்கொண்டு, திரும்பும்போது மட்டும் வாய் திறக்கும். உறுதியான அடையாளம் வேறு இடத்தில் இருக்கிறது: சில்லு றிம்மின் உட்பக்கத்தில் சுற்றிவர ஒரு கறுத்தக் கோடு. சுழலும்போது வீசப்பட்ட கிறீஸ் அது. அந்தக் கோட்டின் மேல் செம்புழுதி ஒட்டிக் கட்டியாகி இருந்தால் பூட் வெடித்துக் கன நாள். கோடு இன்னும் ஈரமாக, கறுப்பாகவே இருந்தால் அண்மையில்தான் வெடித்திருக்கிறது, ஜொயின்ற்றைக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு.

பூட் மட்டும் வெடித்து ‘டக் டக்’ இன்னும் வரவில்லை என்றால் அந்தக் கிழமையே வேலையைச் செய்யுங்கள். சில்லைச் சுற்றும் தண்டைக் கழற்றி, ஜொயின்ற்றைப் பிரித்து, மண்ணெண்ணெயில் ஒவ்வொரு குண்டையும் கழுவி, முற்றாகக் காய விடுங்கள். குண்டிலோ அவை ஓடும் வாய்க்காலிலோ குழி விழுந்திருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் மொலிப்டினம் கலந்த சீவி கிறீஸை, பூட்டோடு வரும் அளவு முழுவதையும் நிரப்பிப் புதிய பூட் போடுங்கள். சாதாரணப் பெயாரிங் கிறீஸ் இதற்கு ஆகாது. தண்டை இழுக்கும்போது கியர்பொக்ஸ் ஒயில் கொட்டும். எவ்வளவு கொட்டியதோ அதைத் திரும்ப நிரப்பாமல் காரை எடுக்காதீர்கள். நடு நட்டுக்குப் புதியதையே போட்டு, அந்தக் காருக்குச் சொன்ன அளவுக்கு இறுக்குங்கள். வெட்டி ஒட்டும் றப்பர் பூட்களும் கிடைக்கின்றன. கிரவல் வீதியில் அந்த ஒட்டு நிற்பதில்லை.

‘டக் டக்’ தொடங்கிவிட்டதென்றால் கிறீஸால் பயனில்லை. ஜொயின்ற்றை மாற்ற வேண்டியதுதான்.

அறுவடைக் காலத்தில் இன்னொன்றும் நடக்கும். வைக்கோலும் பொலித்தீன் கயிறும் தண்டில் சுற்றிக்கொண்டு பூட்டை உரசும். வயல் பக்கம் போய்வந்த பிறகு வந்த சத்தம் என்றால் முதலில் அதை அறுத்து எடுங்கள்.

பிறேக் தட்டு, பாட், ரயர் உரசல்

பிறேக் டிஸ்க்குக்குப் பின்னால் மெல்லிய தகரக் காப்பு ஒன்று இருக்கிறது. கிரவல் கல் அதற்கும் டிஸ்க்குக்கும் நடுவில் மாட்டினால் காது கூசும் சத்தம் வரும். திருப்பும்போது இடைவெளி மாறுவதால் வந்து வந்து போகும். முல்லைத்தீவுப் பக்கமிருந்து ஒரு ஆசிரியை இப்படித்தான் வந்தார். பெயாரிங் மாற்ற வேண்டும் என்று வேறிடத்தில் சொல்லியிருந்தார்களாம். சில்லைக் கழற்றி, காப்பை ஸ்குரூ டிரைவரால் சற்று நெம்பியதும் நகத்தளவு கிரவல் கல் ஒன்று நிலத்தில் விழுந்தது. “இவ்வளவுதானா தம்பி?” என்று அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். அவ்வளவுதான். கல் விழாவிட்டால் காரை மெதுவாகப் பின்னே முன்னே சில முறை எடுத்துப் பாருங்கள். பல நேரம் தானே விழுந்துவிடும். காப்பு வளைந்திருந்தால் டிஸ்க்கைத் தொடாதபடி கையாலேயே நிமிர்த்தலாம்.

பாட்டின் உரசு பகுதி 3 மில்லிமீற்றருக்குக் குறைந்திருந்தால் மாற்றுங்கள். பல பாட்களில் தேய்ந்ததும் டிஸ்க்கில் உரசிக் கத்துவதற்கென்றே ஒரு தகட்டு நாக்கு வைத்திருப்பார்கள். அந்தக் கத்தலைக் கேட்டு ஓட்டிக்கொண்டே இருந்தால் டிஸ்க்கையும் வாங்க வேண்டி வரும்.

முழுக்க ஒடிக்கும்போது மட்டும் ‘ஸ்ஸ்’ என்று உரசினால் சில்லுக்கு மேலே இருக்கும் பிளாஸ்ரிக் மறைப்பைப் பாருங்கள். ரயர் தொட்ட இடம் மினுங்கும். மாரியில் சேறு அப்பிக் காய்ந்தாலும், கிளிப் கழன்றாலும், காருக்குச் சொன்னதைவிடப் பெரிய ரயர் போட்டாலும் இது வரும்.

ஸ்ரியரிங் தண்டு

சத்தம் உங்கள் காலடியில், காருக்குள்ளேயே கேட்டால் தண்டு எஞ்சின் பக்கம் போகும் இடத்தில் உள்ள றப்பர் வளையம் காய்ந்திருக்கும். சிலிக்கன் கிறீஸைக் கொஞ்சம் பூசுங்கள். சத்தம் ஸ்ரியரிங் சில்லுக்கு உள்ளேயே என்றால் எயார்பாக் இருப்பதால் கை வைக்க வேண்டாம். கராஜில் கழற்றும்போதும் பற்றரியின் நெகற்றிவ் வயரைக் கழற்றி, ஆகக் குறைந்தது 90 வினாடி பொறுத்தே தொடங்க வேண்டும் என்பது ரொயோட்டாவின் விதி. ஹைபிரிட் கார்களில் செம்மஞ்சள் நிற வயர்களைத் தொடக் கூடாது. அவற்றில் உயர் மின்னழுத்தம் ஓடுகிறது.

பாகம் வாங்குவதும் பூட்டிய பிறகும்

பழைய பாகத்தைக் கையில் கொண்டுபோய்க் கடையில் ஒப்பிட்டு வாங்குங்கள். சேஸிஸ் இலக்கத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒரே பெயருள்ள காரிலும் ஆண்டுக்கு ஆண்டு பாகம் மாறும். பழைய உதிரிப்பாகம் வாங்குவது தவறில்லை, ஆனால் போல் ஜொயின்ற், ரை ரொட் எண்ட், பூட், புஷ் நாலையும் புதிதாகவே வாங்குங்கள். இன்னொரு காரில் வெயில் குடித்த றப்பர் உங்கள் காரில் நீடிக்காது.

ரை ரொட் எண்ட், கீழ்க் கை, ஸ்ரட் எதை மாற்றினாலும் அலைன்மென்ற் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் ரயரின் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்து, சில மாதத்தில் ரயர் வாங்க வேண்டி வரும். சில்லு நட்டுகளை எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றில் இறுக்குங்கள். சின்னக் கார்கள் பலவற்றுக்கு 100 நியூட்டன் மீற்றர் அளவு வரும், சரியான எண் உங்கள் காரின் கையேட்டில் இருக்கும். பிறகு அதே மைதானத்தில், அதே வட்டத்தை இடமும் வலமும் போட்டு, முதலில் எழுதிய துண்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 50 முதல் 100 கிலோமீற்றர் வரை ஓடிய பின் நட்டுகளை இன்னொரு தரம் ஸ்பனரால் இறுக்கிப் பார்த்துவிடுங்கள்.